இல்லாத டிரம்மர் வாசித்த டிஸ்கோ பாட்டு

பீ ஜீஸ் குழுவின் ‘ஸ்டேயின் அலைவ்’ பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்தவர் பெர்னார்ட் லூப். 1977-ன் கடைசியில் பாட்டு வெளிவந்து உலகமே அதற்கு ஆடத் தொடங்கியதும், தங்கள் ஆல்பத்துக்கும் இவர் வாசித்தால் நன்றாக இருக்கும் என்று இசைத்துறையில் பலர் அவரைத் தேடினார்கள். அகப்படவில்லை. அகப்படவும் வழியில்லை; அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. பெர்னார்ட் பர்டி என்ற நிஜமான, புகழ்பெற்ற டிரம்மரின் பெயரோடு ‘லூப்’ என்ற சொல்லை ஒட்டி ஒலிப்பதிவுக்கூடத்தில் செய்த கேலி அது. பாட்டு முழுக்க ஒலித்தது ஒரு துண்டு டேப்.

இன்று கணினியில் பாட்டு அமைக்கும் பள்ளிப் பிள்ளைகூடப் புழங்கும் ‘டிரம் லூப்’ என்பது என்ன, அது ஒரு பாட்டை என்ன செய்யும் என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. இந்தப் பாட்டு ஏன் இன்னும் சாகாமல் இருக்கிறது என்ற கேள்விக்கும் பாதி விடை அந்த டேப் துண்டில்தான் இருக்கிறது.

முதலில் டிஸ்கோவைப் பற்றி ஒரு வார்த்தை. 1970-ல் நியூயார்க்கின் பிராட்வே தெருவில் டேவிட் மன்குஸோ என்பவர் தம் வீட்டிலேயே நடத்திய ‘தி லாஃப்ட்’ விருந்துகளைப் போன்ற இடங்களில் வளர்ந்த இசை இது. மேடையில் வாத்தியக் குழு கிடையாது. இசைத்தட்டுகளை மாற்றி மாற்றிப் போடுவார்கள், விடிய விடிய ஆடுவார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்கள், லத்தீன் அமெரிக்க வழியினர், ஒருபாலீர்ப்பாளர்கள். வேறு இடங்களில் முகம் சுளிப்புக்கு ஆளானவர்களுக்கு அந்த அறைகள் புகலிடமாக இருந்தன. பீ ஜீஸ் என்ற மூன்று வெள்ளைக்காரச் சகோதரர்கள் வந்து சேர்ந்தபோது டிஸ்கோவுக்கு ஐந்தாறு வயது ஆகியிருந்தது. அவர்கள் அதைக் கண்டுபிடித்தவர்கள் அல்லர். ஆனால் அதன் முகமாக ஊருக்குத் தெரிந்தது அவர்கள்தான். இந்தப் பொருத்தமின்மைக்குப் பின்னால் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

டிஸ்கோவின் தாளம் மிகவும் எளிது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்து பார்க்கலாம். வலது காலால் ஒரே சீராகத் தரையைத் தட்டுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இதுதான் கிக் டிரம், காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம். இப்போது இரண்டிலும் நான்கிலும் மட்டும் கையையும் தட்டுங்கள். அது ஸ்னேர். இனி ஒவ்வொரு கால் தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே நாக்கால் ‘த்ஸ்’ என்று ஒலி எழுப்புங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு உலோகத் தட்டுகளைச் சற்றே திறந்து மூடும் ஹை-ஹாட் அது. டும்-த்ஸ்-டும்-த்ஸ். அவ்வளவுதான், டிஸ்கோ வந்துவிட்டது. 1970-களின் தொடக்கத்தில் பிலடெல்பியாவின் எர்ல் யங் என்ற டிரம்மர் இந்த வாசிப்பை நிலைநிறுத்தினார். நான்கு தட்டுக்கும் கிக் விழுவதால் ஆடத் தெரியாதவர்களுக்கும் காலை எங்கே வைப்பது என்ற சந்தேகம் வராது. இந்த நான்கு தட்டுக் கூட்டத்துக்கு ‘பார்’ என்று பெயர். நம் ஆவர்த்தனத்துக்கு ஒப்பான, ஆனால் சிறிய அளவு.

இப்போது பிரான்ஸுக்குப் போகலாம். பாரிஸுக்கு வடமேற்கே எரூவில் என்ற சிற்றூரில் ஒரு பழைய மாளிகை. அதை ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றியிருந்தார்கள். 1977-ன் தொடக்கத்தில் பாரி, ராபின், மாரிஸ் கிப் சகோதரர்கள் அங்கே தங்கி, தங்கள் கச்சேரிப் பதிவு ஒன்றைச் செம்மைப்படுத்திக்கொண்டும் அடுத்த ஆல்பத்துக்குப் பாட்டு எழுதிக்கொண்டும் இருந்தார்கள். அவர்களுடைய மேலாளர் ராபர்ட் ஸ்டிக்வுட் தொலைபேசியில் அழைத்தார். தான் ஒரு படம் தயாரிப்பதாகவும் அதற்குப் பாட்டுகள் தேவை என்றும் சொன்னார். புரூக்ளினில் ஓர் இளைஞன், வாரம் முழுக்கக் கடையில் வேலை, சனிக்கிழமை இரவானால் நடனம். கதைச்சுருக்கம் இந்த அளவில்தான். முழுத் திரைக்கதையைக் கண்ணால் பார்க்காமலேயே சகோதரர்கள் எழுதத் தொடங்கினார்கள். தலைப்பில் ‘சனிக்கிழமை இரவு’ என்று வரவேண்டும் என்று ஸ்டிக்வுட் விரும்பினார். அந்தத் தலைப்பில் ஏற்கெனவே எத்தனையோ பாட்டுகள் இருக்கின்றன என்று மறுத்துவிட்டார்கள். கடைசியில் அவர்களுடைய ‘நைட் ஃபீவர்’ பாட்டின் பெயரைத்தான் படம் தன்னோடு சேர்த்துக்கொண்டு ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ ஆயிற்று.

‘நைட் ஃபீவர்’ பாட்டின் டிரம்ஸ் அப்போது பதிவாகியிருந்தது. குழுவின் டிரம்மர் டென்னிஸ் பிரையன் வாசித்தது. அடுத்து ‘ஸ்டேயின் அலைவ்’ எடுக்க வேண்டிய நேரத்தில் அவர் வீட்டில் ஒரு சாவு, ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். அந்தக் கிராமப்புறத்தில் தேறின வேறு டிரம்மர் கிடைக்கவில்லை. தாளப் பெட்டியை முயன்றார்கள். 1977-ன் தாளப் பெட்டி என்றால் பெரும்பாலும் ஆர்கனோடு சேர்ந்து வருவது. பொத்தானை அழுத்தினால் ரும்பா, போசா நோவா என்று சில தாளங்களை டிக்டிக்கென்று தட்டும். நிஜமான டிரம்மின் ஒலியையே உள்ளே பதிந்துவைத்த லின் எல்எம்-1 போன்ற இயந்திரம் வர இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. பெட்டி கொடுத்த தாளம் உயிரில்லாமல் இருந்தது.

தயாரிப்பாளர்களான ஆல்பி கலூட்டனும் கார்ல் ரிச்சர்ட்சனும் ‘நைட் ஃபீவர்’ டிரம்ஸை மறுபடி ஓடவிட்டுக் கேட்டார்கள். அதில் மிக நன்றாக விழுந்திருந்த ஓரிரு பாரை மட்டும் தேர்ந்தெடுத்து வேறு டேப்பில் நகலெடுத்தார்கள். அந்தத் துண்டை வெட்டி, தலையையும் வாலையும் ஒட்டினார்கள். டேப் இப்போது ஒரு வளையம். அதை இயந்திரத்தில் மாட்டினால் முடிவே இல்லாமல் அதே வாசிப்பு சுற்றிச் சுற்றி வரும். இதுதான் லூப்.

சொல்ல எளிது. செய்து பார்த்தால்தான் தொல்லை தெரியும். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 103 தட்டு. அப்படியானால் நான்கு தட்டுள்ள ஒரு பார் ஓட 2.3 விநாடி. தொழில்முறை டேப் இயந்திரம் விநாடிக்கு 30 அங்குல வேகத்தில் ஓடும் என்று வைத்துக்கொண்டால் ஒரு பாருக்கே ஏறக்குறைய ஆறடி டேப் வேண்டும். இரண்டு பார் என்றால் பன்னிரண்டடியை நெருங்கும். இயந்திரத்தின் இரண்டு சுருள்களுக்கு இடையே இதற்கு இடம் ஏது? டேப்பை வெளியே இழுத்து, மைக் ஸ்டாண்டில் சுற்றிக் கொண்டுவந்து மறுபடி உள்ளே செலுத்தினார்கள். டேப் தொய்ந்தால் தாளம் தள்ளாடும். ஆகவே விறைப்பாக நிற்க எடைக்கு ஒரு பிளாஸ்டிக் சுருளைத் தொங்கவிட்டார்கள். கால் இடறினால் பாட்டு போச்சு. அந்த வளையம் சுற்றிக்கொண்டிருக்க, அதிலிருந்து பல தடப் பதிவு டேப்புக்கு முழுப் பாட்டின் நீளத்துக்கும் டிரம்ஸை ஏற்றினார்கள். ஆல்பத்தில் பாட்டு நாலே முக்கால் நிமிடம். இரண்டு பார் வளையமாக எண்ணினால் அது அறுபது சுற்றுக்கும் மேல்.

டேப்பை வளையமாக்குவது இவர்களுடைய கண்டுபிடிப்பு அல்ல. 1940-களின் இறுதியிலேயே பாரிஸில் பியர் ஷேஃபர், இசைத்தட்டின் ஒரே பள்ளத்தில் ஊசியைச் சுற்றவிட்டு ஒலிகளைத் திரும்பத் திரும்ப வரவைத்திருக்கிறார். பீட்டில்ஸ் 1966-ல் டேப் வளையங்களை ஒரு பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ஆனால் அவையெல்லாம் விநோத ஒலிக்காகச் செய்தவை. கேட்பவருக்கு ‘ஏதோ நடக்கிறது’ என்று தெரியவேண்டும் என்பதே நோக்கம். எரூவில் மாளிகையில் நடந்தது நேர் எதிர். இங்கே வளையம் ஒரு மனிதருக்குப் பதிலாக உட்கார்ந்தது, கேட்டவர்களில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் பெர்னார்ட் லூப்பைத் தேடியிருப்பார்களா?

இது ஒப்புக்குச் செய்த ஏற்பாடு. டென்னிஸ் திரும்பி வந்ததும் அவரையே வாசிக்கவைத்து டேப்பைத் தூக்கிவிடலாம் என்றுதான் எண்ணியிருந்தார்கள். தூக்க மனம் வரவில்லை. ஏன் என்பதுதான் லூப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான செய்தி.

எந்த நல்ல டிரம்மரும் கடிகாரம்போல வாசிப்பதில்லை. ஸ்னேரை ஓர் இம்மி தாமதித்து அடிப்பார். ஹை-ஹாட்டை ஓர் இம்மி முந்துவார். ஒரு தட்டு அழுத்தமாக, அடுத்தது லேசாக விழும். இந்த நுண்ணிய ஏற்ற இறக்கத்தைத்தான் மேற்கத்திய இசைக்காரர்கள் ‘குரூவ்’ என்கிறார்கள். உடம்பை ஆடவைப்பது அதுதான். ஆனால் மனிதர் வாசிக்கும்போது அந்த ஏற்ற இறக்கம் பாருக்குப் பார் மாறும். உற்சாகம் வந்தால் வேகம் கூடும், களைத்தால் குறையும். தாளப் பெட்டியில் இந்தத் தொல்லை இல்லை, குரூவும் இல்லை. லூப்பில் முதல் தடவையாக இரண்டும் சேர்ந்து கிடைத்தன: டென்னிஸ் பிரையனின் கை சில விநாடிகள் காட்டிய அந்த நளினம், அதே அளவில், இம்மி பிசகாமல், பாட்டு முடியும்வரை. மனித வாசிப்பின் சூடும் இயந்திரத்தின் பிடிவாதமும். ஆடுகிறவருக்கு அது வசியம் வைத்ததுபோல் இருப்பதில் வியப்பில்லை.

அந்த வளையத்துக்கு வேறு வேலைகளும் கிடைத்தன. அதே படத்தின் ‘மோர் தேன் எ வுமன்’ பாட்டிலும், 1980-ல் பாரியும் ராபினும் எழுதி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் பாடிய ‘வுமன் இன் லவ்’ பாட்டிலும் ஒலிப்பது அதே டிரம்ஸ்தான். டேப்பை வேகமாகவோ மெதுவாகவோ ஓட்டினால் தாளத்தின் வேகம் மாறிவிடும். ஒன்று ஆட்டப் பாட்டு, இன்னொன்று உருகும் காதல் பாட்டு. அடியில் ஒரே டேப் துண்டு.

டிரம்ஸைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பாட்டுக்கு அநியாயம் செய்ததாகும். தாளத்துக்கு அடுத்து காதில் விழுவது கிதாரின் அந்தச் சிறு திருப்பம். பாட்டு தொடங்கிய இரண்டாவது விநாடியிலேயே ஆளை அடையாளம் காட்டிவிடும். அடுத்தது பாரியின் குரல். கர்நாடக சங்கீதக்காரர்கள் கள்ளக்குரல் என்று ஒதுக்கும் அந்த மேல்குரல் அவரிடம் இருப்பது 1975-ல்தான் வெளிப்பட்டது; மயாமியில் ஆரிஃப் மார்டின் தயாரித்த ஆல்பத்தின் பதிவில், யாராவது கொஞ்சம் கத்திப் பாட முடியுமா என்று கேட்கப்போய் வெளிவந்த குரல். ‘ஸ்டேயின் அலைவ்’ முழுக்க அதில்தான் ஓடுகிறது. சிலருக்கு அது காது கூசும். எனக்கு அதில்லாமல் இந்தப் பாட்டை நினைக்கவே முடியவில்லை.

பலரும் கவனிக்காத ஒன்று: இது மகிழ்ச்சியான பாட்டு அல்ல. எஃப் மைனர் சுருதியில் அமைந்தது. மேற்கத்தியக் காதுக்கு மைனர் என்றால் நிழல் படிந்த நிறம். சொற்களும் அப்படியே. முதல் வரியில் தன் நடையைப் பார்த்தாலே தான் யார் என்று தெரியும் என்று பெருமையடிக்கும் இளைஞன், போகப் போக, எங்கும் போய்ச் சேராத வாழ்க்கையிலிருந்து யாராவது கைகொடுத்துத் தூக்கமாட்டார்களா என்று கேட்கிறான். பெரிய நகரத்தின் தெருவில் உயிரோடு இருப்பதே பெரும்பாடு என்பதுதான் பாட்டின் பொருள். கால் ஆடுகிறது, வாய் புலம்புகிறது. வெறும் கும்மாளமாக இருந்திருந்தால் அந்தக் காலத்து நூறு டிஸ்கோ பாட்டுகளோடு இதுவும் மறைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

படத்தின் தொடக்கக் காட்சி இதை அப்படியே பிடித்துக்கொண்டது. ஜான் டிரவோல்டா புரூக்ளின் தெருவில் நடந்து போகிறார். காமிரா அவருடைய காலணியைப் பார்க்கிறது. ஒவ்வொரு அடியும் தட்டோடு விழுகிறது. கையில் ஒரு பெயின்ட் டப்பா. கடை முதலாளிக்காக வாங்கிப் போகிறார். ராஜநடை, எடுபிடி வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டிவிடுகிற காட்சி. நிமிடத்துக்கு 103 என்பது சற்றே மிடுக்காக நடக்கும் ஒருவரின் நடைவேகம் என்பதால் அது அவ்வளவு இயல்பாகப் பொருந்தியது. டிஸ்கோ பாட்டுகளில் பல இதைவிட வேகமானவை, நிமிடத்துக்கு 120-ஐ ஒட்டியவை. அவற்றுக்கு ஆடலாம், இதற்கு நடக்கவும் செய்யலாம்.

இடையே ஒரு வேடிக்கை. படத்துக்கு அடிப்படை, நிக் கோன் என்பவர் 1976-ல் ‘நியூயார்க்’ பத்திரிகையில் எழுதிய கட்டுரை. புரூக்ளின் இளைஞர்களை நேரில் பார்த்து எழுதிய உண்மைச் செய்தி என்று அது வெளிவந்தது. பெரும்பகுதி தன் கற்பனை என்று இருபது ஆண்டுகள் கழித்து அவரே ஒப்புக்கொண்டார். இல்லாத நாயகன், இல்லாத டிரம்மர்!

படம் 1977 டிசம்பரில் வந்தது. ‘ஸ்டேயின் அலைவ்’ பாட்டைத் தனி இசைத்தட்டாக வெளியிடுவது முதலில் திட்டத்திலேயே இல்லை. முன்னோட்டத்தில் கேட்டவர்கள் வானொலி நிலையங்களை நச்சரிக்கத் தொடங்கியதால்தான் அதே டிசம்பரில் அது தனியாக வந்தது. 1978 பிப்ரவரி 4 அன்று அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். நான்கு வாரம் அங்கேயே இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் முதலிடம் பிடித்த பாட்டுகளிலும் இதே படத்தின் பாட்டுகள் உண்டு. படத்தின் இசை ஆல்பம் அமெரிக்காவில் 24 வாரம் முதலிடத்தில் நின்று, ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதையும் வாங்கியது. பிரிட்டனில் மட்டும் இந்தப் பாட்டு நான்காம் இடத்தோடு நின்றுவிட்டது.

பிறகு வந்தது அடி. எந்த வானொலியைத் திருப்பினாலும் பீ ஜீஸ் என்றானபோது சலிப்பு தட்டியது. அந்தச் சலிப்போடு வேறு வெறுப்பும் கலந்தது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளரின் அழைப்பில், டிஸ்கோ இசைத்தட்டுகளைப் பெட்டியில் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஒரு டிஸ்கோ தட்டு கொண்டுவந்தால் நுழைவுக் கட்டணம் 98 சென்ட் மட்டுமே. கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து புல்தரையைச் சிதைத்தது. அன்றைய இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. அறிவிப்பாளர் வேலை பார்த்த வானொலியின் செல்லப்பெயர் ‘தி லூப்’ என்பது வெறும் தற்செயல்தான். கறுப்பினத்தவர்களும் ஒருபாலீர்ப்பாளர்களும் வளர்த்த இசையைக் குறிவைத்த கூட்டம் அது என்று பிற்காலத்தில் பலர் எழுதினார்கள். அந்தக் குற்றச்சாட்டை டால் மறுத்துவந்திருக்கிறார். எரிந்த தட்டுகளில் டிஸ்கோவே அல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் இருந்தன என்று அங்கே வேலை பார்த்தவர் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்தச் சாட்சியமே போதும்.

பீ ஜீஸ் பாட்டுகளை ஒலிபரப்பமாட்டோம் என்று வானொலிகள் பெருமையாக அறிவித்த காலத்தில் சகோதரர்கள் மற்றவர்களுக்கு எழுதிக்கொடுத்துப் பிழைத்தார்கள். ‘வுமன் இன் லவ்’ அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. டேப் வளையம் வேறொருவர் குரலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு அதே வானொலிகளுக்குள் நுழைந்துவிட்டது என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

பாட்டு மீண்டது பல வழிகளில். 1995-ல் என்-டிரான்ஸ் என்ற பிரிட்டிஷ் குழு ராப் சேர்த்துப் புதுப்பித்தபோது அங்கே இரண்டாம் இடம்வரை போனது. ஆனால் யாரும் எதிர்பாராத வழி மருத்துவமனை வழி. இதயம் நின்று விழுந்தவருக்குச் செய்யும் சி.பி.ஆர். முதலுதவியில், மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து, பெரியவர்களுக்கு ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம்வரை, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். பதற்றத்தில் இருப்பவருக்கு அந்த வேகத்தை எப்படிக் கணக்கிடுவது? இந்தப் பாட்டை மனத்துக்குள் ஓடவிட்டால் போதும். 2008-ல் அமெரிக்காவின் பியோரியாவில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் 15 மாணவர்களையும் மருத்துவர்களையும் வைத்துச் சிறு ஆய்வு ஒன்று நடந்தது. பாட்டைக் கேட்டபடி பொம்மையை அழுத்தியபோது சராசரி வேகம் 109. ஐந்து வாரம் கழித்து, பாட்டை ஒலிக்கவிடாமல் மனத்தில் மட்டும் நினைத்துச் செய்தபோது 113. சிறிய ஆய்வுதான், ஆனால் செய்தி பரவிவிட்டது. பிரிட்டனின் இதய நல அமைப்பு 2012-ல் இதே பாட்டை வைத்து விளம்பரப் படம் எடுத்தது. ‘உயிரோடு இருத்தல்’ என்ற தலைப்பும் கைகொடுத்தது என்பதை மறுக்க முடியாது. ஏறக்குறைய இதே வேகத்தில் குயீன் குழுவின் புகழ்பெற்ற பாட்டு ஒன்றும் இருக்கிறது. அதன் தலைப்போ ‘இன்னொருவன் மண்ணைக் கவ்வினான்’ என்ற பொருள் தருவது. மருத்துவர்கள் அதைச் சத்தமாகப் பரிந்துரைப்பதில்லை.

இதையெல்லாம் காதால் சோதிக்க விரும்பினால் ஹெட்போன் போட்டுக்கொண்டு மூன்று பாட்டுகளையும் இந்த வரிசையில் கேளுங்கள்: ‘ஸ்டேயின் அலைவ்’, ‘மோர் தேன் எ வுமன்’, ‘வுமன் இன் லவ்’. முதல் தடவை குரலையும் வயலின்களையும் விட்டுவிட்டு ஸ்னேரை மட்டும் பின்தொடருங்கள்; இரண்டிலும் நான்கிலும் விழும் அந்த அடி ஒவ்வொரு பாட்டிலும் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே கனத்தில், ஒரே ஒலியில் இருக்கும். இரண்டாம் தடவை, பல்லவி வரும்போது டிரம்ஸ் கூடுதல் உற்சாகம் காட்டுகிறதா என்று பாருங்கள். சாதாரணமாக எந்த டிரம்மரும் அங்கே கொஞ்சம் ஓங்கி அடித்துவிடுவார். இங்கே குரல்தான் ஏறும், அடியில் இருப்பவர் அசையமாட்டார்.